முப்பதாவது குப்பி

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலிருந்து நான் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுபடுத்த மாட்டேன், ஒளிக்க மாட்டேன், அம்மா முகம் வாடுமே என்று பாதியில் நிறுத்தவும் மாட்டேன். நீதான் அப்படிக் கேட்டாய். கடைத் தொலைபேசியில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு காதைத் தீட்டுகிறார். அம்மா "எல்லாம் நல்லாருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஆகவே எழுத்துதான் வழி.

வழக்கமாக "இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்குவேன். இன்று முடியாது. மூவரில் இருவர் நலம். நீ எப்படி இருக்கிறாய்? விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

அப்பாவின் வாய் நாறுகிறது. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. காலையில் பல் துலக்காத வாடை இல்லை இது. பூக்கள் வைத்த குவளையில் தண்ணீர் மாற்றாமல் இரண்டு வாரம் விட்டால், பூவைத் தூக்கும்போது காம்பு வழவழவென்று கையோடு வருமே, அந்த வாடை. அதோடு கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு.

அவர் தொழிலில் இது பெரிய ஆபத்து. வருகிறவர்களின் முகத்துக்கு நேரே குனிந்துதான் மூக்குக்கண்ணாடியைப் பொருத்த வேண்டும். சனிக்கிழமை நான் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறார், காதுப் பக்கம் வளைவைச் சரிசெய்கிறார், பிறகு கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிப் போய் மூச்சை விடுகிறார். முகம் சிவந்துவிடுகிறது. அப்படியும் ஒரு பெரியவர் சட்டென்று பின்னுக்குப் போனார். "எழுத்தெல்லாம் நல்லா தெரியுதுங்க. மூக்குதான் தாங்கல" என்றார். அப்பா சிரித்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

கீழ்த்தாடையில், வலப்பக்கம், ஒரு பல் சாம்பல் நிறமாக இருக்கிறது. உனக்கு நினைவிருக்கும், பாதிச் சட்டம் உள்ள கண்ணாடிகளுக்கு நைலான் நூல் கட்டிவிட்டு, கத்தரிக்கோல் இருக்கும்போதே அதை அந்தப் பல்லால்தான் கடித்து அறுப்பார். அந்தப் பல்லுக்குக் கீழே, வெளிப்பக்கம், புளியங்கொட்டை அளவு புடைப்பு. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"பல்லு டாக்டரைப் பெத்தவனுக்குப் பல்லு வலி வருமா?" என்றார்.

அம்மாவிடம் யாரிடமாவது காட்டலாம் என்றேன். "வீட்டுலயே டாக்டர் இருக்கப்ப கண்டவங்ககிட்ட எதுக்கு வாயைத் திறக்கணும்? அவளுக்கு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜூன் 17

பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். தண்ணீர் வருகிறது, தூக்கம்தான் வரவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பயப்படாதே. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அது நீர்ப்பையாக இருக்கும். பல் உள்ளுக்குள் செத்துப்போனால் வேர்நுனியில் அழுகல் கசியும். உடம்பு அதைச் சுற்றி ஒரு பை கட்டும். பை மெல்ல மெல்லப் பெரிதாகி எலும்பைத் தின்னும். வலியே இருக்காது, அதனால்தான் யாரும் வருவதில்லை.

நான் இங்கே இரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துவது இந்தப் பைகளோடுதான். பைக்குள் இருக்கும் நீரை ஊசியால் எடுத்து, அதில் அழற்சிக் குறியீடுகளை அளக்கிறேன். அழற்சி என்றால் உடம்பு ஒரு இடத்தில் நடத்தும் சண்டை. அந்தச் சண்டையில் செல்கள் சில புரதங்களைக் கொட்டும். எது எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று பார்த்தால், பை எந்த வேகத்தில் எலும்பைத் தின்னும் என்று சொல்ல முடியுமா? இதுதான் என் கேள்வி. முப்பது பேரின் நீர் வேண்டும். கிடைப்பதில் பாதி வீணாகிறது. எங்களிடம் வருவதற்குள் எல்லோரும் மாத்திரையை விழுங்கிவிடுகிறார்கள். சண்டை அடங்கி, குறியீடுகள் இறங்கிவிடும். அப்புறம் எதை அளப்பது?

நீ ஒன்று செய். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, புடைப்பின் மேல் கட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பார். முட்டை ஓடு விரிசல் விடுவது போல நொறுநொறுவென்று இருக்கிறதா? இருந்தால் எழுது.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்கா,

அம்மாவின் முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது. நீ தூங்கவில்லை என்று எழுதியதைப் படித்து அவளும் தூங்கவில்லை.

அழுத்திப் பார்த்தேன். அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டினேன். "மொட்டையடிக்கப் போறியா?" என்றார். வாயைத் திறந்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் வாயால் மூச்சு விட்டேன். அது இன்னும் மோசம், நாக்கில் வாடை படிகிறது.

நீ சொன்னபடியே இருந்தது. எலும்பு என்றால் கல் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது காய்ந்த சருகு போல என் விரலுக்குக் கீழே நொறுங்கி உள்ளே போயிற்று. உள்ளே ஏதோ அசைந்தது. அடுத்த நொடி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலிருந்து ஒரு திரவம் பீறிட்டு என் விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை வழிந்தது. அப்பா "உப்புக் கரிக்குது" என்று சொல்லிக் கிண்ணத்தில் துப்பினார். நான் கிணற்றடிக்கு ஓடிப்போய் மூன்று தடவை சோப்புப் போட்டேன். இன்னும் விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் திரும்பி வந்து கிண்ணத்தைப் பார்த்தேன். நீ கேட்பாய் என்று தெரியும். வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம். வெயிலில் சாய்த்தால் அதற்குள் பொடிப்பொடியாக மின்னுகிறது, மீன் செதிலைத் தூளாக்கிப் போட்டது போல. இவ்வளவு அருவருப்பான ஒன்று ஏன் மின்ன வேண்டும்?

முக்கியமானது இனிமேல்தான். நேற்றிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சல். புடைப்பு இப்போது எலுமிச்சம்பழ அளவு. தெருமுனை டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் எட்டி நின்றபடியே பார்த்துவிட்டு ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார், ஒரு வேளையும் தவறக் கூடாது என்றார். அம்மா அட்டையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "டாக்டர் பொண்ணைக் கேக்காம எதையும் முழுங்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை

ஜூலை 3

பொடிசுக்கு,

அனைவரும் நலமா? நான் நலம்.

மாத்திரை வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். அரைகுறையாக மாத்திரை போட்டால் நோயின் உண்மையான முகம் மறைந்துவிடும். நான் வரும் வார இறுதியில் வந்து நானே பார்க்கிறேன். அதுவரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல். வலி இருந்தால் வலிக்கு மட்டும் மாத்திரை தரலாம். அட்டையை நீ வாங்கி வைத்துக்கொள். அப்பா பொறுக்க மாட்டார், எடுத்துப் போட்டுவிடுவார்.

நீ பார்த்த மினுமினுப்பு கொழுப்புப் படிகம். எவ்வளவு அழகாகக் கவனித்து எழுதியிருக்கிறாய்! உன் கடிதத்தில் அந்தப் பகுதியை எங்கள் பேராசிரியருக்குப் படித்துக் காட்டினேன். "என் மாணவர்கள் யாரும் இப்படி எழுதுவதில்லை" என்றார். அப்பாவைப் பற்றியும் நிறையக் கேட்டார்.

அக்கா

ஜூலை 11

அன்புள்ள அக்கா,

பேராசிரியர் சொன்னதைப் படித்து, உண்மையைச் சொன்னால், எனக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை. மாத்திரை அட்டையை என் பள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கும் அது என்னோடுதான் வருகிறது.

வார இறுதி போய்விட்டது. நீ வரவில்லை. அம்மா உன் கட்டிலுக்கு உறை மாற்றி வைத்திருந்தாள். பேருந்து ஏதாவது தவறிப்போயிற்றா? உனக்கு உடம்பு சரியில்லையா?

இங்கே நலம் இல்லை. அப்பாவின் வலக்கன்னம் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி மாட்டினால் சட்டம் ஒருபக்கம் தூக்கிக்கொள்கிறது. ஊரார் கண்ணாடியையெல்லாம் நேராக்குகிறவருக்குத் தன் கண்ணாடி நேராக நிற்கவில்லை. இப்போது ஈறிலிருந்து வருவது மின்னுகிற தண்ணீர் இல்லை. பச்சை கலந்த மஞ்சள், தயிர் மாதிரிக் கெட்டி. தலையணை உறையில் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. அதைத் துவைப்பது என் வேலை. குச்சியால் தூக்கித்தான் வாளியில் போடுகிறேன். என் அப்பாவின் தலையணையைக் குச்சியால் தூக்குகிறேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கடையில் ஒரு சின்னப் பையனுக்கு முதல் கண்ணாடி. அப்பா குனிந்ததும் அவன் "அம்மா, மாமாகிட்ட செத்த எலி இருக்கு" என்று அழுதான். அந்த அம்மா கண்ணாடியை வாங்காமலேயே போய்விட்டாள். மறுநாள் முதல் கடை திறக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சு குழறுகிறது.

"பொடிசு, அந்த மாத்திரையில ஒண்ணே ஒண்ணு குடேன்."

"அக்கா வேணாம்னு எழுதியிருக்காப்பா."

"ஒண்ணு போட்டா தெரியவா போகுது?"

"நோயோட உண்மையான முகம் மறைஞ்சிடுமாம்."

"என் முகமே எங்கேன்னு தெரியல" என்றார். பிறகு, "சரி விடு. டாக்டரம்மா சொன்னா சரிதான்" என்று எழுந்து போய்விட்டார். பள்ளிப் பை என் மடியிலேயே இருந்தது.

நீ எப்போது வருகிறாய்? பதிலில் தேதி மட்டும் எழுதினாலும் போதும்.

உன் தங்கை

ஜூலை 18

பொடிசுக்கு,

வர முடியாமல் போனதற்கு வருந்துகிறேன். மாத இறுதிக்குள் அளவுகளை முடித்தாக வேண்டும் என்று பேராசிரியர் கழுத்தைப் பிடிக்கிறார். என் ஜூனியர் ஒருத்தியை அனுப்புகிறேன், ஐஸ் பெட்டியோடு வருவாள். நல்ல பெண். அப்பாவின் பையிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து வருவாள். அதைச் சோதித்தால்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்ல முடியும். அவள் வரும்வரை மாத்திரை வேண்டாம். மறக்காதே.

அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அக்கா

ஜூலை 26

அக்கா,

நலம் விசாரிக்கும் வரிகளை இன்று விட்டுவிடுகிறேன். அவற்றை எழுதினால் அடுத்த வரியை எழுத முடியாது.

ஐஸ் பெட்டி அக்கா நேற்று மதியம் வந்தார். நீ சொன்னபடி நல்ல பெண்தான். அம்மா கொடுத்த பிஸ்கட்டில் ஏழெட்டை வாய் ஓயாமல் தின்றுகொண்டே கையுறையைப் பிரித்தார். இந்த வீட்டில், இந்த வாடையில், ஒருவரால் பிஸ்கட் தின்ன முடியும் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அப்பாவுக்கு வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. வந்தவர் தடிமனான ஊசியை உள்ளே விட்டு இழுத்தார். குழாய்க்குள் சீழும் ரத்தமுமாக ஏறிற்று. ஐஸ் பெட்டி அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"சார், நடுவுல மாத்திரை ஒண்ணும் போடலையே?"

"எங்க விட்டாங்க?" என்றார் அப்பா, என்னைக் காட்டி.

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

"சூப்பர் சார். இந்த மாதிரி ஆளு கெடைக்கவே கெடைக்காது. ரெண்டு மாசமா இந்த ஒண்ணுக்காகத்தான் எல்லாம் நிக்குது. இருபத்தொம்பது வச்சுக்கிட்டு அக்கா பாவம், தூங்கவே இல்ல."

குப்பியில் ஊற்றி, மூடி, எண் எழுதினார். முப்பது. அப்பாவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். அப்பா அதைப் படித்தார். மெதுவாக, கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடைசி வரிவரை படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான் கேட்டேன்: "அப்போ எப்பலேருந்து மாத்திரை குடுக்கலாம்?"

"இப்பவே தாராளமா குடுக்கலாமே பாப்பா. அதான் எடுத்தாச்சே!"

அக்கா, அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எதையும் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியை மூடும்போதுதான் அப்பாவின் கழுத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "சார், வீக்கம் கீழ எறங்குது. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார். அம்மா, "எங்க பொண்ணு வந்து பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காம்மா" என்றாள். அவர் அம்மாவையே ஒரு கணம் பார்த்தார். "இல்லம்மா, போயிடுங்க" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, ஐஸ் உருகுவதற்குள் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

மாத்திரையைப் பிரித்து உடனே கொடுத்தேன். அப்பாவால் விழுங்க முடியவில்லை. பொடித்துப் பாலில் கலந்தேன். பாதி வெளியே வழிந்தது. அம்மா இன்னும் உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரே ஒரு கேள்வி. மாத்திரை வேண்டாம் என்று நீ எழுதியது அப்பாவுக்காகவா, குப்பிக்காகவா? ஒரு வரியில் பதில் எழுது.

தங்கை

ஆகஸ்ட் 2

அக்கா,

பதில் வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தபோது அப்பாவின் நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு பாத்திரத்தைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு விடும்போது உலையில் மூடி ஆடுவது போல ஒரு சத்தம். இனி அக்காவைக் கேட்க முடியாது என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மாவிடம் நான் கத்தியது அதுதான் முதல்முறை. வண்டி பிடித்துப் போனோம். ஓட்டுநர் வழியெல்லாம் தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார்.

கழுத்தில் ஒரு துளை போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறி உள்ளே இருந்ததை வடித்தார்கள். அறுவை மருத்துவர் கொஞ்சம் வயதான பெண்மணி, கோபக்காரர். எங்களை நிற்கவைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

அம்மா சொன்னாள்.

"மாத்திரை குடுத்தாங்கன்னு சொல்றீங்க. யாரு போட வேணாம்னது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உண்மை வாய்வரை வந்துவிட்டது. கட்டிலில் இருந்த அப்பா கையைத் தூக்கினார். குழாயோடு பேச முடியாது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நானேதான் என்று.

"பெரிய டாக்டருன்னு நெனப்பு!" என்று அவரைத் திட்டிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அப்பா அந்தத் திட்டை முழுவதும் வாங்கிக்கொண்டார்.

அம்மா உன் விடுதிக்குத் தொலைபேசி போட்டாள். ஆய்வுக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு நீ மருத்துவரோடு பேசினாயாம். என்னோடு பேசவில்லை.

தங்கை

ஆகஸ்ட் 14

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா ஆபத்தைத் தாண்டிவிட்டதாக மருத்துவர் சொன்னார். நிம்மதி. அம்மா சாப்பிடுகிறாளா? நீ பள்ளிக்குப் போகிறாயா? காலாண்டுத் தேர்வு வருமே, படிப்பை விட்டுவிடாதே. உனக்கு ஒரு நல்ல அகராதி வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். இங்கே திடீரென்று மழை. ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. குப்பிகளைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

தாடை எலும்பில் அழுகிய பகுதியையும் பையையும் வியாழக்கிழமை எடுக்கப் போகிறார்கள். நீ ஒரு உதவி செய்ய வேண்டும். எடுத்த பையின் உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு ஜாடியில் மருந்துத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லி மருத்துவரிடம் கேள். நானும் சொல்லியிருக்கிறேன். நீரின் குறியீடுகளையும் உறையையும் ஒரே ஆளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அப்பாவின் குப்பியில் வந்த அளவு முப்பதிலும் மிக அதிகம். பேராசிரியர் இரண்டு தடவை சரிபார்க்கச் சொன்னார்.

உன் கேள்வியைப் பற்றி நேரில் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

நீ வந்து பார்த்துவிட்டுப் போனதையே உனக்கு எழுதுவானேன் என்று நினைப்பாய். நீ பார்க்காதது கொஞ்சம் இருக்கிறது. பார்த்ததையும் எழுதுகிறேன், இரண்டு பேரும் ஒன்றையேதான் பார்த்தோமா என்று தெரிய வேண்டும்.

நீ வார்டுக்குள் வந்தபோது மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள்கூடப் பொத்தியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்து, "டாக்டர்னா டாக்டர்தான்" என்று என் காதில் சொன்னாள். நீ அப்பாவின் நெற்றியைத் தொட்டாய். கையை உடனே எடுக்கவில்லை. அதையும் நான் எழுதத்தான் வேண்டும். பிறகு பையிலிருந்து சின்ன விளக்கை எடுத்து, "ஆ காட்டுங்கப்பா" என்றாய்.

அப்பா காட்டவில்லை.

வலி என்று நீ நினைத்தாய். "கொஞ்சமா திறந்தா போதும்பா" என்றாய். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தெருமுனை டாக்டருக்குக் காட்டினார், எனக்குக் காட்டினார், ஐஸ் பெட்டி அக்காவுக்குக்கூடக் காட்டினார். நீ விளக்கை எரியவிட்டபடியே கொஞ்ச நேரம் நின்றாய். அம்மாதான் பேச்சை மாற்றினாள்.

மாடிப்படி அருகே நான் உன்னிடம் அந்தக் கேள்வியையே கேட்டேன். நீ, "நாலு நாள்ல வந்துருவேன்னுதான்டி நெனச்சேன்" என்றாய். என் கேள்விக்கு அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். அகராதியை என் கையில் திணித்தாய். அதை இன்னும் பிரிக்கவில்லை.

ஜாடியைக் கேட்டு வாங்கினாய். எனக்கு அதைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது, பார்த்தேன். கிழிந்த பலூன் தோல் போல, உள்பக்கம் மஞ்சள் படிந்து, சாம்பல் பல் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டு தொங்கிற்று. அப்பாவின் பல். பேருந்தில் குலுங்கக் கூடாது என்று அம்மா அதை அப்பாவின் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தாள். நீ அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனதை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். எனக்குச் சீழும் வாடையும் ஓரளவு பழகிவிட்டன. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

இனி நீ பார்க்காதது.

"போயிட்டாளா?" என்று அப்பா கேட்டார். குழாயை எடுத்த பிறகு அவர் குரல் காற்றாக வருகிறது. "ஜாடி?"

"எடுத்துட்டுப் போயிட்டா."

"மூடி கெட்டியா இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கு அந்தத் தாளப் படிச்சப்பவே உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"கண்ணாடிக் கடைக்காரனுக்குச் சின்ன எழுத்து தெரியாதா? மாத்திரை போடாதவங்களா இருக்கணும்னு போட்டிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

எச்சிலைத் துண்டில் துடைத்தார்.

"அவளுக்கு ஒண்ணு கொறையுதுன்னா நான் குடுக்காம யாரு குடுப்பா? கேட்டிருந்தா குடுத்திருப்பேன். 'அப்பா, ஒரு வாரம் வலியப் பொறுத்துக்கோங்க, எனக்கு வேணும்'னு ஒரு வார்த்தை. நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? என்கிட்ட கேக்கல. உன்னக் காவலுக்கு வச்சா."

"நான் குடுக்காம விட்டுட்டேனேப்பா."

"உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்."

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். மன்னித்துவிட்டீர்களா, அதையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டேன். "வாயெல்லாம் புண்ணு, பேச முடியல" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆகவே எழுத முடியவில்லை.

சாயங்காலம் தாதி காயத்தைக் கட்ட வந்தார். வீட்டுக்குப் போனபின் யார் செய்வது என்று கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கையுறை போட்டுக்கொண்டேன். தாடைக்குள் எலும்பு இருந்த இடத்தில் ஒரு குழி. அதற்குள் நீளமான துணிப் பட்டையைத் திணித்து வைத்திருக்கிறார்கள். அதை மெதுவாக இழுக்க வேண்டும். பழுப்பும் பச்சையுமாக, நாடாப்புழு போல, வந்துகொண்டே இருந்தது. வாடை முகத்தில் அறைந்தது. பாதியில் வாளியில் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மீதியையும் இழுத்தேன். அப்பா வாயைத் திறந்தே வைத்திருந்தார், அவரால் முடிந்த அளவுக்கும் மேலே அகலமாக.

"கடைக்கு வந்தவங்கல்லாம் எப்பவோ ஓடிட்டாங்க. நீ ஏன்டி நிக்கிற?" என்றார் பிறகு.

"பேசாதீங்க. இன்னும் புதுத் துணி வைக்கணும்" என்றேன். வைத்தேன். அருவருப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இன்னும் இரண்டு வரி எழுத நினைத்தேன். தாதி வந்து வார்டின் விளக்குகளை அணைத்துக்கொண்டிருக்கிறார்.